விடுதலை என்று போட்டிருந்த நாள்

மன்னி வெண்கலப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பேப்பரின் மேல் குனிந்தாள். நான் அதைச் சமையலறைத் தரையில் விரித்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். அச்சு மையின் வாசனையும் கொதிக்கிற புளியின் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின.

"எங்கேடி?"

"கீழே, கடைசிப் பத்தி. ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு மேலே."

விரலை வரிக்கு அடியில் வைத்து, உதடு மட்டும் அசைய, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். மயிலாப்பூர் நாராயணன்: அதுதான் என் அண்ணா, அவளுடைய புருஷன். தண்டனைக் காலம் முடிவதற்கு முன்னதாகவே, உடல்நிலையை முன்னிட்டு, விடுதலை செய்யப்பட்டார். இங்கிலீஷில் இரண்டு வரிகூட முழுசாக இல்லை.

மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் நமக்குத் தெரிஞ்ச வார்த்தைதானேடி, ஜயா? நான் எதையும் தப்பாப் படிச்சுடலையே?"

"இல்லை மன்னி! ரிலீஸ்ட்! அச்சாப் போட்டிருக்கே!"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் சட்டென்று எழுந்து, பாயசத்துக்கு வெல்லம் எடுக்க உக்ராண அறைக்குள் போனாள்.

எங்களுக்கு முன்னாலேயே அப்பா அந்தப் பேப்பரைப் படித்துவிட்டிருந்தார். படித்துவிட்டு, வழக்கம்போல் மடித்துக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டு, ஆபீஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் குளக்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார். அதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

ட்ராமில் வந்த இங்கிலீஷ்

இங்கிலீஷைப் பேப்பரில் கற்றேன் என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். ஏன், பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய சம்பளமெல்லாம் வீணா என்று ஒரு சிநேகிதி கேலி செய்கிறாள். பள்ளிக்கூடத்திலும் கற்றேன், அம்மா! அங்கே கற்றது ஆட்டுக்குட்டியும் பூந்தோட்டமும். எனக்கு வேண்டியிருந்தது வேறு.

எங்கள் வீட்டில் அப்போது மூன்றே பேர்: அப்பா, மன்னி, நான். அம்மா நான் சிறியவளாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பா சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். அண்ணா பி.ஏ. பாஸ் பண்ணியதும் அவனையும் அதே ஆபீசில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அண்ணாவோ கதர் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு, சைனாபஜாரில் அந்நியத் துணிக்கடை வாசலில் மறியல் செய்யப் போய்விட்டான். ஊரெல்லாம் உப்பு உப்பு என்று பேசிய காலம் அது.

"அவன் பேச்சை இந்த ஆத்துல எடுக்கப்படாது" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் முதல் அண்ணா மாம்பலத்தில் ஒரு சிநேகிதன் அறையில் தங்கினான். மழை பெய்தால் தவளை உள்ளே வரும் புது வீடுகள் அவை. ஒரே ஒரு தடவை மன்னியும் நானும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பனியனைக் கிணற்றடியில் அலசிக்கொண்டிருந்தான். "பாத்தியா, சுயராஜ்யம் வந்தாச்சு. என் துணியை நானே தோய்க்கிறேன்" என்று மன்னியிடம் சொன்னான்.

அடுத்த மறியலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெயிலிலிருந்து அவன் கடுதாசி போடவில்லை. ஜெயில் முத்திரை குத்திய உறை எங்கள் வாசலுக்கு வந்தால் அப்பாவின் உத்தியோகத்துக்கு ஆபத்து என்று அவனே தீர்மானித்துவிட்டான். அவர்கள் இரண்டு பேருடைய ரோஷத்துக்கும் நடுவில் மன்னிக்கு மிஞ்சியது பேப்பர் ஒன்றுதான்.

பேப்பர் சாயங்காலம் வரும். லஸ் முனையில் கட்டுக் கட்டாக ட்ராமிலிருந்து இறங்கும். அப்பா ஆபீசிலிருந்து திரும்பும்போது கபூர் பாய் கடையில் ஒன்று வாங்கி, குடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு வருவார். கூடத்தில் உட்கார்ந்து முழுக்கப் படிப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம். எங்கள் வீட்டில் மாமனாரும் மாட்டுப்பெண்ணும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. காப்பி வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான். அண்ணாவின் பேச்சோ என் வழியாகவும் கூடாது.

ஆனால் ஒன்று. படித்து முடித்ததும் அப்பா பேப்பரை மடிப்பாரே, கோர்ட்டுச் செய்தியும் ஜெயில் செய்தியும் உள்ள பக்கம் எப்போதும் வெளியே தெரியும்படி மடித்திருப்பார். முதலில் ஏதோ தற்செயல் என்றுதான் நினைத்தோம். தினமுமா தற்செயல்?

சாயங்காலம் கேள்வி, காலையில் விடை

மன்னிக்கு அப்போது இங்கிலீஷில் எழுத்துக்கூட்டத்தான் வரும். கல்யாணமான புதிதில் அண்ணா பாலபாடப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து சொல்லிக்கொடுக்கப் பார்த்தான். பூனைப் பாடத்தோடு அவள் நிறுத்திவிட்டாள். "பூனையைப் பூனைன்னு கூப்பிட்டாலே வரதில்லை, இங்கிலீஷ்ல கூப்பிட்டாத்தான் வரப்போறதா?" என்றாள். அப்படிச் சொன்னவள், அண்ணாவின் கேஸ் கோர்ட்டுக்கு வந்த வாரம், பேப்பரைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "இதுலே அவர் பேர் இருக்கு. சுத்தி என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

எனக்கு மட்டும் தெரியுமா? அகராதி அப்பாவின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. அதை எடுத்தால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அன்று சாயங்காலம் இங்கிலீஷில் வந்த செய்தி மறுநாள் காலையில் தமிழ்ப் பத்திரிகையில் வந்துவிடுமே! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதாதா?

தமிழ்ப் பத்திரிகை வாங்க அப்பா விடமாட்டார். அதனால் கபூர் பாய். லஸ் முனையில் பேப்பர், பீடி, சிலேட்டுக் குச்சி எல்லாம் விற்பவர். ஊர்வலம் எந்தத் தெருவில் போகிறது, போலீஸ் எங்கே நிற்கிறது என்று பேப்பருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவர் கடையில் நிற்பேன்.

"இன்னா பாப்பா, நேத்து இங்கிலீஷ்காரன் இன்னா எழுதிக்கிறான்?"

"ஒரு வார்த்தை புரியலை பாய்."

"ஒண்ணுதானா? பரவால்லியே. எனக்கு ஒண்ணுமே புரியாது, நானே வித்துக்கினு கீறேன்!" என்று சிரித்தபடி தமிழ்ப் பத்திரிகையை நீட்டுவார். "பாத்துட்டு இங்கியே குடுத்துடு. மடிப்பு கலையக் கூடாது. கசங்கினா எவன் வாங்குவான்?"

நின்றபடியே அந்தச் செய்தியைத் தேடிப் படித்து, மனசில் போட்டுக்கொண்டு ஓடுவேன். சாயங்காலம் வந்து மன்னியிடம் ஒப்பிப்பேன். உக்ராண அறைக் கதவின் உட்பக்கத்தில் அவள் கோலமாவுக் கட்டியால் எழுதிவைப்பாள். ரிமாண்ட் என்றால் காவலில் வைப்பது. அட்ஜர்ன்ட் என்றால் ஒத்திப்போட்டது. அப்ஸ்காண்டிங் என்றால் தலைமறைவு.

கற்ற வார்த்தையைச் சும்மா விடுவோமா? பால்காரி வராத நாளில் அவள் அப்ஸ்காண்டிங். பூனையைக் கூடைக்குக் கீழே கவிழ்த்தால் ரிமாண்ட். அப்பாவுக்குக் காப்பி தாமதமானால், "காப்பி அட்ஜர்ன்ட் ஆயிருக்குன்னு சொல்லுடி" என்பாள் மன்னி, கதவுக்குப் பின்னாலிருந்து, அவர் காதில் விழாதபடி.

கரண்டிக்கும் முறத்துக்கும் இங்கிலீஷில் என்னவென்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. ராஜத்துவேஷக் குற்றத்துக்கு அன்றைக்கே தெரியும்.

என் கதையும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கடற்கரைக்குப் போய்வந்ததைப் பற்றி இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன்: "பெருந்திரளான ஜனங்கள் கடற்கரையில் கூடினார்கள். அசம்பாவிதம் ஏதும் நிகழவில்லை. அஸ்தமன வேளையில் கூட்டம் அமைதியாகக் கலைந்தது." டீச்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல மார்க்குப் போட்டிருந்தார்.

ரிகரஸ்

இந்த முறையில் ஒரு கஷ்டம் இருந்தது. கேள்விக்கும் விடைக்கும் நடுவில் ஓர் இரவு இருந்தது.

அண்ணாவின் கேசில் தீர்ப்புச் சொன்ன நாள். ஜெயில் என்பதற்கு முன்னால் ரிகரஸ் என்று ஒரு வார்த்தை. இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"ஏதோ உசத்தியா இருக்கும்டி. பி.ஏ. படிச்சவராச்சே, அதுக்குத் தகுந்தாப்போல ஏதாவது தனி ஜெயிலா இருக்கும்" என்றாள் மன்னி. எனக்கும் அது சரியாகவே பட்டது. அந்த வார்த்தைக்கு நல்ல மிடுக்கு இருந்தது. கோலமாவால் கொட்டை எழுத்தில் எழுதி, எதிரே விடைக்கு இடம் விட்டாள்.

காலையில் கபூர் பாய் கடையில் பார்த்தேன். கடுங்காவல் என்று போட்டிருந்தது.

சாயங்காலம் வரை அதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து மன்னியிடம் சொன்னேன். காலி இடத்தில் அந்தத் தமிழ் வார்த்தையை எழுதினாள். எழுதிவிட்டு, இட்டிலிக்கு ஊறவைத்த உளுந்தைக் கல்லுரலில் போட்டு ஆட்டத் தொடங்கினாள். மாவு அரைபட்ட பிறகும் குழவியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு தெரியாத வார்த்தையை அவள் ஒருநாளும் நல்ல அர்த்தமாக ஊகித்ததில்லை. தெரிகிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். தெரியாமல் சந்தோஷப்படுவது அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது.

ஆகையால்தான், விடுதலைச் செய்தி வந்த சாயங்காலம், தப்பாகப் படித்துவிடவில்லையே என்று என்னைக் கேட்டாள். உண்மையாகவே எல்லாம் தெரிந்த வார்த்தைகள். உடல்நிலை என்று போட்டிருந்தது. ஜெயில் களியைத் தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? காய்ச்சலாக இருக்கும், மிளகு ரசமும் வெந்நீரும் பத்து நாளில் தேற்றிவிடும் என்று பேசிக்கொண்டோம். காலையில் கபூர் பாய் கடைத் தமிழ்ப் பத்திரிகையில் "மயிலை வீரர் விடுதலை" என்று பெரிய எழுத்தில் இருந்தது. உடல்நிலையைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை.

அன்றைக்கு மட்டும் மடிப்பைப் பற்றி பாய் ஒன்றும் சொல்லவில்லை. "எடுத்துக்கினு போ பாப்பா, ஊட்லயே வெச்சுக்கோ" என்றார்.

அரக்குப் பட்டு

முந்தின இரவு அப்பா குளக்கரையிலிருந்து வந்ததும் இலையில் பாயசம் விழுந்தது. என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. முழுக்கச் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் விடச் சொல்லு" என்றார். அப்பா இரண்டாந்தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. சாப்பிட்ட பிறகும் எழுந்திருக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஆபீசுக்குத் தந்தி வந்ததாம். "நாளைக்குக் காலம்பர எழும்பூர்ல வரான்" என்றார். அவ்வளவு மாதத்துக்குப் பிறகு அண்ணாவைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. பிறகு, "அவளை அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கச் சொல்லு" என்றார்.

மன்னி கதவுக்குப் பின்னால் திகைத்து நின்றாள். அண்ணா போனது முதல் அவள் நூல் புடவையைத் தவிர வேறு தொட்டதில்லை. விடியற்காலையில் அப்பாவே மாட வீதிக்குப் போய் வாழையிலைப் பொட்டலமாக மல்லிகைப்பூ வாங்கிவந்தார். ஒரு மாமனார் மாட்டுப்பெண்ணுக்குப் பூ வாங்கிவருவதா! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாத்தியா, சர்க்கார் சரணாகதி" என்று மன்னியின் காதில் சொன்னேன். அவள் தோளில் ஒரு குத்து விட்டாள்.

வாசலில் இரண்டு ஜட்கா. இரண்டாவதில் அப்பாவின் கான்வாஸ் சாய்வு நாற்காலியைத் தூக்கிவைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாற்காலி எதுக்குப்பா?"

"இருக்கட்டும்."

"நாற்காலியிலே தூக்கிவெச்சுப் பட்டணப் பிரவேசம் பண்ணிவைக்கப் போறாரோ என்னமோ" என்றாள் மன்னி. பூ மணக்க மணக்க ஜட்காவில் ஏறினாள்.

லஸ் முனையில் கபூர் பாய் மாலையோடு வந்து ஏறிக்கொண்டார். எழும்பூரில் இறங்கியதும், "இன்னா சாமி, நாற்காலி எதுக்கு?" என்று அவரும் கேட்டார். அப்பா அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்த பாய் எங்களைப் பார்க்கவில்லை. மாலையை நாற்காலியின் மேல் போட்டுவிட்டு, நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

ரயில் வந்து நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகு, ஒரு தொண்டர் ஒருவரைத் தாங்கிக்கொண்டு வந்தார். முதலில் யாரோ கிழவர் என்று நினைத்து நான் அவருக்குப் பின்னால் அண்ணாவைத் தேடிக்கொண்டிருந்தேன். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. கழுத்துப் பட்டியில் இன்னொரு கழுத்து நுழையும். கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டிருந்தான்.

மன்னி சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அது அப்படியே முகத்தில் இருந்தது.

அண்ணா அவளை மேலும் கீழும் பார்த்தான். "கல்யாணத்துக்குப் போறாப்போல வந்திருக்கியே" என்றான். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது. அப்பா அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் சாய்த்தார். அவரும் பாயுமாகத் தூக்கினார்கள்.

அந்த மாதம்

கூடத்தில் ஜன்னலோரம் படுக்கை. டாக்டர் வருவார், ஊசி போடுவார், அப்பாவோடு வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார். அப்பா லீவு போட்டுவிட்டார். உத்தியோகத்துக்கு ஆபத்து என்ற பேச்சே போய்விட்டது.

சாயங்காலம் பேப்பர் வந்ததும் மன்னி அவன் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். முதல் நாள் அவன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான்.

"நீயா படிக்கறே? எங்கே கத்துண்டே?"

"உங்க கேஸ்லேர்ந்துதான்."

அவன் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, நான் ஓடிப்போய்ச் செம்பில் வெந்நீர் கொண்டுவந்தேன். அவள் உச்சரிப்பெல்லாம் தாறுமாறாக இருக்கும். நாங்கள் கண்ணால் கற்றவர்கள்தானே. அவன் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. "இன்னும் படி" என்பான்.

அந்த மாதம் முடியவில்லை. அண்ணா போய்விட்டான். ஒரு நாள் மத்தியானம், பேப்பர் வருவதற்கு முன்னால்.

மன்னியின் தலைமுடியை மழிக்க யாரும் கை வைக்கக் கூடாதென்று வந்திருந்த உறவுக்காரர்களிடம் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காக அவரை ஏசிவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆனாலும் குங்குமமும் பூவும் போயின. அரக்குப் பட்டு பெட்டிக்குள் போயிற்று.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்காலி. வெகுநாள் கழித்து, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், புத்தகத்தை மூடிவிட்டு ரேழியில் அப்பாவின் எதிரில் போய் நின்றேன்.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமாப்பா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "தெரியும்" என்றார். "அந்த மாதிரி எத்தனை காகிதம் என் மேஜையிலே வந்து போயிருக்கு. பிழைக்கமாட்டான்னு டாக்டர் எழுதினாத்தான் உடல்நிலையை முன்னிட்டுன்னு ஆர்டர் போடுவா. ஜெயிலுக்குள்ளே உயிர் போகப்படாது பாரு. ஆத்துக்கு வந்து போனா அது அவா கணக்குல சேராது."

"பின்னே ஏன் எங்ககிட்டச் சொல்லலை? பாயசம் பண்ணினோமே!"

அப்பா மேல்துண்டை எடுத்து மடித்தார். "சொல்லியிருந்தா அவ அந்தப் புடவையைக் கட்டிண்டு வந்திருப்பாளா? பூவும் பொட்டுமா, சிரிச்சுண்டு நிக்கறதை ஒரு தடவை அவன் பாத்துடட்டும்னு நினைச்சேன். அவளுக்கும் ஒரு நாள் கிடைக்கட்டும்னு நினைச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா இவ்வளவு நினைத்தாரா என்று இருந்தது. நேராகச் சமையலறைக்கு ஓடினேன். மன்னி அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கேட்டு முடித்த பிறகு, கறை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சொல்லியிருந்தாலும் கட்டிண்டுதான் போயிருப்பேன், ஜயா. இன்னும் நன்னா, பார்த்துப் பார்த்துக் கட்டிண்டு போயிருப்பேன். ஆனா தெரிஞ்சுண்டு போயிருப்பேன். ஒண்ணும் தெரியாம அங்கே பல்லைக் காட்டிண்டு நின்னேனே, அதை அவர் பாத்துட்டார். எனக்குத் தெரியாதுங்கறதும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த ஒரு மாசமும் எனக்காக அவர் பிழைச்சுக்கப் போறவர் மாதிரியே பேசிண்டிருந்தார்."

அடுத்த பூவை எடுத்து நரம்பைக் கிள்ளினாள்.

நான் ரேழிக்குத் திரும்பினேன். அப்பா அதே இடத்தில், நான் போன திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணும் சொல்லலைப்பா" என்றேன்.